கத்திரி வெயிலும் கார்த்திகை ஈரமும்: வீட்டு மனையில் வறள்நிலப் பூமரங்கள்

திருநெல்வேலிச் சீமையில் நடும் எந்த மரக்கன்றும் ஓர் ஆண்டுக்குள் ஒன்றுக்கொன்று எதிரான பருவங்களைப் பார்த்துவிடுகிறது. பங்குனியில் ஏறத் தொடங்கும் வெயில் கத்திரியில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் சாரலாகத் தூவும் அந்தக் காற்றில் பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரம் இருப்பதில்லை, புழுதிதான் இருக்கிறது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, வாசலில் நிற்கும் கன்றின் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது.

நர்சரிகளில் ‘பாலைவனச் செடி’ என்று சொல்லி விற்கும் கன்றுகள் வெயிலையும் காற்றையும் பெரும்பாலும் தாங்கிவிடும். அவை சாவது கார்த்திகையில். வேரடியில் தொடர்ந்து சில நாள் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகுகிறது. மரம் உடனே காட்டிக்கொடுக்காது. தை, மாசியில் துளிர்க்க வேண்டிய நேரத்தில் துளிர்க்காமல் நிற்கும். வீட்டுக்காரர் வெயில் தொடங்கிவிட்டது, தண்ணீர் போதவில்லை போலும் என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: நம் ஊரில் வறள்நில மரம் வளர்ப்பது என்றால் முதலில் மழைத் தண்ணீரை வடியவைப்பது.

சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவம் என்றே சொல்கிறது. தாமிரபரணிக் கரைக்கு இது அப்படியே பொருந்தும். இங்கே பாலை நிலையாக இருப்பதில்லை, பருவமாக வந்து போகிறது. அதனால் அரிசோனாவையோ ராஜஸ்தானத்தையோ மனத்தில் வைத்து எழுதிய தோட்டக் குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் புறம்போக்கிலும் ஓடைக்கரையிலும் யாரும் ஊற்றாமல் நிற்கும் மரங்கள் இரண்டு பருவத்துக்கும் பழகியவை. தேர்வை அங்கிருந்து தொடங்கலாம்.

முதலில் மண்

மனை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்ற வேலைகள். பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் பாயும் பகுதிகளில் காரும் பிசானமும் விளைந்த வயல்கள் பல இன்று வீட்டு மனைகள். மேலே இரண்டு மூன்று அடிக்குக் கிராவல் கொட்டியிருப்பார்கள். அடியில் இருப்பதோ தலைமுறை தலைமுறையாகத் தொளி அடித்து இறுகிய களி. நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்துவதற்கென்றே உருவான மண் அது, வறள்நில மரத்துக்கு நேர் எதிரானது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே வல்லநாட்டுப் பக்கம் போகப்போகச் செம்மண்ணும் சரளும் வரும். தண்ணீர் நன்றாக வடியும், ஆனால் பல இடங்களில் ஓரடி ஆழத்திலேயே வெள்ளையாகச் சுக்கான் தட்டுப்படும். மானூர், கங்கைகொண்டான், கயத்தாறு என்றால் கரிசல். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி மணல்.

எந்த மண்ணாக இருந்தாலும் ஒரு சோதனை போதும். நடப்போகும் இடத்தில் இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். அடுத்து மறுபடியும் நிறைத்து, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். முதல் தடவை காய்ந்த மண் குடித்துவிடும், அதை நம்பக் கூடாது. இரண்டாம் தடவை நிறைத்த தண்ணீர் காலையிலும் நின்றால் அந்தக் குழியில் நேரடியாக நடாதீர்கள்.

வயல் மனையிலும் கரிசலிலும் குழியை மறந்துவிட்டு மேடு கட்டுவதே நல்லது. ஐந்தடி குறுக்களவில், ஒன்றரை அடி உயரத்தில், செம்மண்ணும் சரளும் கலந்து மேடு போட்டு அதன் உச்சியில் நடலாம். மேட்டைச் சுற்றிக் கல் அடுக்கினால் மழையில் கரையாது. கல்லுக்குக் கல் சிமெண்டு பூசிவிடக் கூடாது. சுக்கான் உள்ள மனையில் வேறு வேலை. கடப்பாரையால் அந்தத் தட்டை உடைத்து, ஓரிடத்திலாவது அடியிலுள்ள மண் தெரியும்வரை ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டை வழியாக ஆணிவேர் இறங்கிவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும். உடைக்காமல் விட்டால் குழி ஒரு சிமெண்டுத் தொட்டிபோலத் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். தேரி மணலில் வடிகால் கவலையே இல்லை. அங்கே கொஞ்சம் குளத்து வண்டலும் மக்கிய சாணமும் கலந்தால் போதும்.

வடிகாலுக்கு ஆற்று மணல் வாங்கிப் போடச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுவோம். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தடை வாங்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு பூமரத்துக்காக அந்த ஆற்றைச் சுரண்ட வேண்டியதில்லை. உடைந்த செங்கல், பழைய ஓட்டுத் துண்டு, சரள் ஆகியவை அதே வேலையைச் செய்யும். செங்கல்லில் ஒட்டியிருக்கும் சிமெண்டுக் காரையை மட்டும் தட்டி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது இலையை மஞ்சளாக்கும்.

எந்த மரம்

நெல்லையில் ஒரே ஒரு வறள்நிலப் பூமரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் மஞ்சணத்தியைச் சொல்வேன். நுணா என்று மற்ற மாவட்டங்களில் சொல்வார்கள். கரிசல் வரப்பிலும் சரள் மேட்டிலும் தானாக முளைத்து நிற்பதால் யாரும் மதிப்பதில்லை, நர்சரிகளும் வளர்ப்பதில்லை. கோடை மழை ஒன்று விழட்டும், அருகில் போய்ப் பாருங்கள். விரல் முனையளவு பச்சைக் குமிழ் ஒன்றிலிருந்து மல்லிகையைப் போன்ற வெள்ளைப் பூக்கள் ஒன்றிரண்டாக நாளுக்கு நாள் மலரும். எல்லாம் ஒரே நாளில் மலர்ந்து கொட்டிவிடாது. வாசம் மாலையில் தெருவரைக்கும் வரும். பூ உதிர்ந்த பின் அந்தக் குமிழே பருத்துப் பச்சைக் காயாகி, கறுத்துப் பழுக்கும். பறவைகளும் வௌவாலும் தின்னும். பட்டை தக்கைபோலத் தடித்து ஆழமாக வெடித்திருக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். வெயிலுக்கும் தீக்கும் மரம் போட்டுக்கொண்ட கவசம் அது. வெட்டினாலும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும் பழக்கம் உண்டு. அவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை மம்பட்டியால் கொத்திவிட்டால் இருபதடிக்குள் அழகான ஒற்றை மரமாக நிற்கும். மரக்கன்று வாங்கக் கிடைக்காவிட்டால் பழுத்த காயைப் பிசைந்து கழுவி விதை எடுத்து, பையில் போட்டு முளைக்கவைக்கலாம். பொறுமை வேண்டும், முளைப்பு ஒரே சீராக இருக்காது.

உடை மரத்தை வீட்டில் வைக்கச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். முள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தின் பக்கம் போகிறவர்கள் அதன் குடையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். தட்டையாக விரிந்த உச்சி, அதன் அடியில் சல்லடை போட்டதுபோன்ற நிழல். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே சொந்தமான மரம் இது. பூக்கும் காலத்தில் குட்டிக் குட்டி வெள்ளை உருண்டைகளாகக் கிளையை மூடும், தேனீ மொய்க்கும். சுருண்ட காய்கள் ஆட்டுக்கு விருந்து. பதினைந்து இருபது சென்ட் மனை உள்ளவர்கள், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடாத ஓரமாகப் பார்த்து, ஓர் உடை வைக்கலாம். கீழ்க்கிளைகளைச் சிறு வயதிலேயே கழித்து ஆள் உயரத்துக்கு மேல் குடை விரியும்படி ஏற்றிவிட வேண்டும். கழித்த முள்ளை வீசிவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

சரக்கொன்றை எல்லோருக்கும் தெரிந்தது. சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் கூட்டம் கூடும் நாட்களில் மேற்கே மலையடிவாரமெங்கும் மஞ்சள் சரம் தொங்கும். தாய்லாந்து இதைத் தன் தேசிய மலராக வைத்திருக்கிறது. வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டுப் பூப்பதுதான் இதன் இயல்பு. கோடையில் வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றினால் மரம் இலையைப் பிடித்துவைத்துக்கொண்டு பூவைக் குறைத்துவிடும். வளர்ந்த கொன்றைக்கு மாசியிலிருந்து தண்ணீரை நிறுத்திவிடலாம். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கப் பல ஆண்டு ஆகும் என்பதால், நர்சரியில் வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் அடிமரம் தடித்த கன்றாகப் பார்த்து எடுங்கள். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

இடம் குறைந்தவர்களுக்கு ஆவாரை. மரம் என்று சொல்ல முடியாதுதான், எட்டடி உயரப் புதர். ஆனால் கீழ்க்கிளைகளைக் கழித்து ஒரே தண்டாக ஏற்றினால் குட்டி மரம்போலவே நிற்கும். ஒருகாலத்தில் தோல் பதனிட இதன் பட்டையை வண்டி வண்டியாக உரித்தார்கள். இப்போது பொங்கல் காப்புக்கும் ஆவாரம்பூத் தேநீருக்கும் தேடுகிறார்கள். ஆணிவேர் சீக்கிரம் ஆழம் போய்விடுவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. விதையை இடத்திலேயே ஊன்றுங்கள். விதைத்தோல் கடினமானது. கொதிக்கவைத்த தண்ணீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, உப்பிய விதைகளை மட்டும் காலையில் ஊன்றலாம். கொன்றை விதைக்கும் இதே முறைதான். இரண்டிலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டுப் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். மருந்து அடிக்காதீர்கள். சில வாரத்தில் இலை திரும்பிவிடும், வாசலில் வண்ணத்துப்பூச்சியும் பறக்கும்.

விடத்தலையின் பூ பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சளாக விளக்குத் தொங்கலைப்போல இருக்கும். ஆனால் வேர்க்கன்று விட்டுப் பரவும் வேகம் அதிகம். கியூபாவில் இதே மரம் விளைநிலங்களை விழுங்கி அந்த நாட்டு விவசாயிகளைத் தலையில் கைவைக்கச் செய்திருக்கிறது. தோட்ட நிலம் வைத்திருப்பவர்கள் வேலியோரம் வைக்கலாம், வீட்டு மனைக்கு வேண்டாம். வன்னி கோயில்களில் நிற்கும் மரம். ராஜஸ்தானத்தில் மாநில மரமே அதுதான். 1730-இல் கேஜர்லி என்ற ஊரில் அதை வெட்டவிடாமல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. மெதுவாக வளரும், பூ கண்ணைப் பறிக்காது. பேரப்பிள்ளைகளுக்காக நடுகிறவர்கள் நடலாம்.

வெளியிலிருந்து வந்தவற்றில் கள்ளி மந்தாரை முதலில் வரும். மெக்சிகோ, கரீபியன் பக்கத்து மரம். சுடுகாட்டில் பார்த்துப் பழகியதால் நம் ஊரில் சிலர் வீட்டில் வைக்கத் தயங்குகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை விகாரைகளில் புத்தருக்குப் படைக்கும் பூ அது. தையில் இலை கொட்டியிருக்கும்போது ஒன்றரை அடிக் கொப்பை வெட்டினால் வெள்ளைப் பால் ஒழுகும். அந்தப் பால் கண்ணில் படக் கூடாது. வெட்டிய உடனே ஊன்றினால் நுனி அழுகும். நிழலில் சாய்த்துவைத்து, வெட்டுவாய் சாம்பல் நிறத்தில் உலர்ந்து தோல்போல இறுகும்வரை, பத்து நாளாவது காத்திருங்கள். பிறகு காய்ந்த மண்ணில் ஊன்றிக் கல்லை முட்டுக்கொடுத்து, துளிர் தெரியும்வரை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் விடுங்கள். மழைக்காலத்தில் இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி படியும், துருநோய் அது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுவதும் இலைமேல் தண்ணீர் தெளிக்காமல் இருப்பதும் போதும், மரம் சாகாது.

அடினியத்தைத் தரையில் வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அரேபியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் அதன் தாயகம், நம் கார்த்திகையை அது அறியாது. அகலமான மண்தொட்டியில், பாதிக்கு மேல் செங்கல் ஜல்லியும் சரளும் போட்டு வளர்த்து, ஐப்பசி பிறந்ததும் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். வாரம் ஒருமுறை அடிக்கிழங்கைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் நலம். ஓரிடத்தில் கொழகொழவென்று அமுங்கினால் அன்றே பிடுங்க வேண்டும். கூரான கத்தியால் பழுப்புச் சதையைச் சீவி, உள்ளே வெள்ளையாகக் கெட்டிச் சதை வரும்வரை போய், நிழலில் வெட்டுவாய் காயவிட்டு மறுபடி காய்ந்த கலவையில் வையுங்கள். தயங்கினால் செடி முழுவதும் போய்விடும்.

டெக்கோமா சீக்கிரம் வளர்ந்து முதல் ஆண்டிலேயே மஞ்சளாகப் பூக்கும், தேன்சிட்டு வரும். விதை காகிதச் சருகுபோல லேசானது, காற்றில் பறக்கும். ஆடிக் காற்றடிக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது களையாகிவிட்டது. காய் பிளக்கும் முன் கத்தரித்துப் போட உறுதி உள்ளவர்கள் மட்டும் வையுங்கள். பார்க்கின்சோனியா என்று பச்சைத் தண்டோடு விற்கும் முள்மரத்தை வாங்கவே வேண்டாம். அரிசோனாவின் மாநில மரமான பாலோ வெர்டேயின் உறவுக்காரன் அது, பார்க்க அழகுதான். வறண்ட நாட்டிலிருந்து அவசரப்பட்டுக் கொண்டுவந்த ஒரு மரம் என்ன செய்யும் என்பதைச் சீமைக்கருவேலம் நம் குளங்களில் காட்டிவிட்டது. 2017-இல் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவு போடும் அளவுக்குப் போனது.

மஞ்சள் அரளியும் செவ்வரளியும் எந்த வறட்சியையும் தாங்கும் என்பது உண்மை. இரண்டும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டிலும், ஆடு மாடு நுழையும் மனையிலும் அவற்றுக்குப் பதில் ஆவாரையை வையுங்கள். அடினியம், கள்ளி மந்தாரைப் பால் பட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

நடும் காலமும் கன்றும்

ஆனி, ஆடியில் நடாதீர்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் மரம் நடு விழா நடத்துவது வழக்கமாகிவிட்டது. அந்த மாதங்களில் நட்ட கன்று காற்றில் காய்ந்து கருகுவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்து மண் ஊறியதும் நட்டால், மழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். வெளியிலிருந்து வந்த மரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றை மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு நடுவது பாதுகாப்பு.

நம் நர்சரிகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் பெரும்பங்கு ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் இறங்குகிறது. பல கன்றுகள் கோதாவரிக் களிமண் கட்டியோடு இருக்கும். அந்தக் கட்டியை அப்படியே சரளில் புதைத்தால், சுற்றியுள்ள மண் காய்ந்திருக்க நடுவில் மட்டும் களி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை வெளியே போகவிடாது. வாளித் தண்ணீரில் முக்கி, களியை விரலால் கரைத்து எடுத்துவிட்டு நடுங்கள். பையில் வளர்ந்த கன்றாக இருந்தால் பையைக் கிழித்ததும் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் அதைப் பிளேடால் மூன்று நான்கு இடத்தில் கீறி விரித்துவிட வேண்டும். வாங்கும்போதே பையைத் தூக்கிப் பார்த்து, அடியில் தடித்த வேர் சுருண்டு வெளியே வந்த கன்றைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. நாட்டு மரங்களுக்கு வனத்துறை நாற்றங்கால்களில் கேளுங்கள். 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு அங்கே கிடைக்கும் வகைகள் கூடியிருக்கின்றன.

குழியில் எருவை அள்ளிக் கொட்ட வேண்டாம். ஒரு சட்டி மக்கிய சாணம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். வறள்நில மரம் கொழுத்தால் தண்டு வளரும், பூ வராது, காற்றில் முறியும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டத்தில் இருக்கட்டும். ஆழமாகப் புதைத்தால் கழுத்து அழுகும்.

தண்ணீர்

“தெனமும் ஒரு செம்பு ஊத்துங்க அண்ணாச்சி, போதும்” என்று நர்சரியில் சொல்லி அனுப்புவார்கள். தினமும் ஒரு செம்பு என்பதுதான் மிக மோசமான அளவு. மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனைந்து, வேர் அங்கேயே தங்கிவிடும். சித்திரை வெயில் அந்த இரண்டு அங்குலத்தைச் சுட்டெடுக்கும்போது கன்றும் போய்விடும். முதல் ஆண்டு வாரம் ஒருமுறை இரண்டு குடம் மெதுவாக விடுங்கள். இரண்டாம் ஆண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆனால் மூன்று நான்கு குடம். மூன்றாம் ஆண்டு நாட்டு மரங்களுக்குக் கோடையில் மாதம் ஒருமுறை விட்டால் போதும், அதற்குப் பிறகு அவை உங்களை எதிர்பார்க்காது. கன்றுக்கு ஓரடி தள்ளி, பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிறைத்து மூடிவைப்பது ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும். கசிந்து கசிந்து சில நாள் தாங்கும்.

பாத்தியை அடிமரத்தை ஒட்டிக் கட்டாமல், கிளை நுனிக்கு நேர்கீழே வட்டமாகக் கட்டுங்கள். கன்று வளர வளர வட்டத்தை அகலப்படுத்த வேண்டும். புரட்டாசிக் கடைசியில் அந்த வரப்பைக் கிழக்கே ஒருபக்கம் அல்லது சரிவு உள்ள பக்கம் உடைத்துவிட மறக்காதீர்கள். கோடையில் தண்ணீரைப் பிடித்துவைத்த அதே வரப்பு கார்த்திகையில் மரத்தைக் கொல்லும்.

கிழக்கே போகப்போக போர் தண்ணீர் உப்பு. மஞ்சணத்தியும் உடையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், கொன்றைக்கு இலை நுனி கருகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட உப்பானது, மரத்துக்கு விடாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் நல்லவை.

காற்று, ஆடு, கரையான்

முட்டுக்கொம்பை மேற்குப் பக்கம் நடுங்கள். காற்று அங்கிருந்துதான் வரும், கன்று கொம்பை விட்டு விலகிச் சாயும், உரசாது. பிளாஸ்டிக் கயிறு பட்டையை அறுத்துவிடும். பழைய வேட்டிக் கிழிசலை எட்டு வடிவில் தளர்த்தியாகச் சுற்றுங்கள். கன்று கொஞ்சம் ஆடினால்தான் அடிமரம் தடிக்கும். ஓராண்டுக்குப் பின் கொம்பை எடுத்துவிட வேண்டும்.

ஆட்டுக்குக் கம்பிக்கூண்டைவிடக் கழித்துவைத்த உடைமுள்தான் நல்ல காவல். ஓர் ஆள் கை நீளத்துக்குக் கன்றைச் சுற்றி அடுக்கி, மேலே ஒரு கல் வையுங்கள்.

மண் சூட்டைத் தணிக்கச் சருகு மூடாக்குப் போடச் சொல்வார்கள். நம் செம்மண்ணில் அதைத் தேடிக் கரையான் வரும். சருகுக்குப் பதில் சரளைக் கல்லை இரண்டு அங்குலம் பரப்பலாம். சருகே போடுவதென்றால் அடிமரத்திலிருந்து ஒரு சாண் விட்டுப் போட்டு, வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

கழிப்பு

கோடையில் கிளை வெட்டாதீர்கள். வெளிப்படும் பட்டை வெயிலில் வெந்துவிடும். கொன்றையைப் பூ முடிந்ததும் லேசாக, டெக்கோமாவைத் தையில் பாதிக்குப் பாதி, கள்ளி மந்தாரையை இலை இல்லாத மாசியில் வெட்டலாம். ஆடிக் காற்றுக்கு முன் எல்லா மரத்திலும் ஒன்றை ஒன்று உரசும் கிளைகளையும், ஒரே கவட்டிலிருந்து சமமாகக் கிளம்பும் இரண்டில் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். காற்றில் மரம் பிளப்பது அந்தக் கவட்டில்தான். மின்கம்பிக்குக் கீழே இந்த அத்தியாயத்தில் சொன்ன எந்த மரமும் வேண்டாம், ஆவாரையைத் தவிர.

வெள்ளத்துக்குப் பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது போன்ற மழைக்கு எந்த ஏற்பாடும் போதாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, தாமிரபரணி கரை கடந்து நகருக்குள் புகுந்தது. அப்படித் தண்ணீர் ஏறி இறங்கிய மனையில் மரத்துக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. தண்ணீர் வடிந்ததும் அடிமரத்தைச் சுற்றிப் படிந்த வண்டலைப் பழைய மண்மட்டம்வரை தள்ளிவிடுங்கள். வண்டல் சத்துதானே என்று விட்டால் கழுத்து மூச்சுமுட்டும். கிளை விரிந்த எல்லையில் கடப்பாரையால் ஓரடி ஆழத்துக்கு ஆங்காங்கே குத்தி ஓட்டை போட்டு, சரளால் நிரப்புங்கள். சாய்ந்த கன்றை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள், காய்ந்த பின் நிமிர்த்தினால் வேர் அறும். உரம் எதுவும் போடாதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். இலை முழுக்க உதிர்ந்தாலும் வெட்டிவிட வேண்டாம். மாசி மாதம் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் சித்திரைவரை விட்டுவைக்கலாம். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, அடிமரம்வரை சுரண்டிப் பார்த்து, பச்சை தெரியும் இடத்துக்கு மேலே சாய்வாக வெட்டிவிடுங்கள். மஞ்சணத்தியானால் தரையோடு வெட்டினாலும் அடுத்த மழைக்கு வேரிலிருந்து வரும்.